அப்பா எண்ணிய விமானங்கள்

அப்பா போய் நான்கு மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் "நாட்டுக்காக வாழ்ந்த மனுஷன்" என்றுதான் ஆரம்பித்தார்கள். உண்மைதான், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது அவருக்குச் செய்கிற அநியாயமாக எனக்குப் படுகிறது.

அப்பா கடற்படையில் ஸ்டோக்கர். கப்பலின் அடிவயிற்றில், கொதிகலன் அறையில் வேலை. லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜி என்கிற கடற்படைப் பயிற்சி மையத்தில் பயிற்சி, 1971 பாகிஸ்தான் போரின்போது விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலில். அந்தக் கப்பலின் நான்கு கொதிகலன்களில் ஒன்று விரிசல் விட்டிருந்ததால் முழு வேகம் எடுக்க முடியாது. கப்பல் வேகமாக ஓடினால்தான் தளத்தின் மேல் எதிர்க்காற்று கிடைக்கும், அந்தக் காற்று இருந்தால்தான் விமானம் எழும்பும், அதை உந்தித் தள்ளுகிற கேட்டபுல்ட்டுக்கும் இதே நீராவிதான் போக வேண்டும். டிசம்பர் 4 அன்று சீ ஹாக் போர் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கக் கிளம்பியபோது அப்பா கீழே பிரஷர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று கிளம்பியதைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. "மேலே தடதடன்னு அதிரும், அதை வச்சு எண்ணிக்குவோம்" என்பார். கடற்படை தினத்தன்று எல்லோரும் கப்பல் படம் பகிர்கிறீர்களே, அந்தப் படத்தில் தண்ணீருக்குக் கீழே இருக்கிற பாகத்தில் நின்றவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே வருடம் நவம்பரில்தான் அக்கா பிறந்தாள். அப்பா அவளை முதலில் பார்த்தபோது ஏழு மாதம். யாரோ வந்திருக்கிறார் என்று வீறிட்டு அழுதிருக்கிறாள். போர்க் கதையை நாங்கள் கேட்டால்தான் சொல்வார், இதைக் கேட்காமலே சொல்வார்.

1977இல், பதினைந்து வருடம் முடிந்ததும் வந்துவிட்டார். அப்புறம் அவர் செய்ததெல்லாம் எந்தப் பதக்கத்திலும் வராது. அக்காவுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டார், கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பழகிய கை என்பதால் மாலை வரை ஜடை அவிழாது. எனக்கு டைபாய்டு வந்தபோது இரவு முழுக்க நாற்காலியில், கப்பலில் முறைப் பணி பார்ப்பது போல, நான்கு மணி நேரத்துக்கொரு தரம் ஜுரத்தை நோட்டில் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இயந்திரச் சத்தத்தில் காது பாதி போயிருந்தது. ஆனாலும் தண்ணீர் மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு "பேரிங் போயிடுச்சு" என்றால் போயிருக்கும்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. மாதக்கணக்கில் கடிதம் வராத நாட்களில் கைக்குழந்தையோடு தனியாக வீட்டை நடத்தியவளுக்கு யாரும் சல்யூட் வைக்கவில்லை. அந்தப் பதினைந்து வருடத்தில் பாதி அம்மாவுடையது. அப்பாவும் அப்படித்தான் சொல்வார்.

டிசம்பர் 9 மட்டும் வீட்டில் வேறு மாதிரி இருக்கும். 1971இல் அன்றுதான் டையூவுக்கு அருகே ஐ.என்.எஸ். குக்ரி என்ற போர்க்கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் இறந்தார்கள். லோனாவாலாவில் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் அதில் இருந்தார். அன்று இரவு அப்பா சாப்பிட மாட்டார், பேசவும் மாட்டார். ஏதோ கோபம் என்று சின்ன வயதில் நாங்கள் ஒதுங்கிப் போவோம். காரணம் அம்மாவுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது, நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் சொன்னாள்.

நேற்று டிசம்பர் 9. சாயங்காலம் ஆறு மணிக்கே அம்மா சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ராத்திரிக்கு என்ன செய்ய என்று நானும் கேட்கவில்லை.