குப்பை என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

மதுப்பாட்டில் மூடிகளைக் கோத்துப் பெரிய பெரிய விரிப்புகளாகத் தொங்கவிடும் சிற்பி எல் அனாட்சுயி பற்றி எதைப் படித்தாலும் ‘குப்பையைக் கலையாக்கியவர்’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எரிச்சலாக வருகிறது. 1990களின் கடைசியில், நைஜீரியாவின் என்சுக்கா பக்கம் ஒரு மூட்டை நிறைய மதுப்பாட்டில் மூடிகளைக் கண்டெடுத்தார், உண்மைதான். ஆனால் எந்தப் பாட்டில் மூடி என்று யாராவது கேட்கிறார்களா?

ஐரோப்பிய வியாபாரிகள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்த சரக்குகளில் மதுவும் ஒன்று. அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். அந்த மனிதர்கள் கடல் கடந்துபோய்க் கரும்பு வெட்டினார்கள். அதிலிருந்து ரம் வந்தது. இந்தக் கணக்கு தெரிந்தேதான் அவர் மூடியைக் கையில் எடுக்கிறார். 2023இல் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் பாய்மரம் போலப் பிரம்மாண்டமாக ஒரு சிவப்பு விரிப்பைத் தொங்கவிட்டார். சர்க்கரையில் பணம் பார்த்த ஹென்றி டேட்டின் பெயரைத் தாங்கிய இடத்தில்!

அடுத்து, கானாவின் பாரம்பரிய நெசவான ‘கென்டே துணியின் நவீன வடிவம்’ என்கிறார்கள். இது பாதி சரி. 1944இல் இன்றைய கானாவின் அன்யாகோவில், எவே இனக் குடும்பத்தில் பிறந்தவர்; தந்தையும் சகோதரர்களும் நெசவு தெரிந்தவர்கள். கென்டேயை ஒரு சாண் அகலம்கூட இல்லாத பட்டைகளாக நெய்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைப்பார்கள். அனாட்சுயியின் பட்டறையிலும் மூடியைத் தட்டி, மடித்து, முறுக்கி, துளை போட்டு, செம்புக் கம்பியால் கோத்துத் துண்டு துண்டாகச் செய்கிறார்கள். பிறகு தரையில் பரப்பி, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு இணைக்கிறார்கள். கிட்டே போனால் மது கம்பெனிகளின் பெயர்களையே படிக்கலாம். எட்ட நின்றால் தங்க ஜரிகை!

மரபு என்றால் பாட்டன் காலத்து டிசைனை அப்படியே போடுவது என்று நினைப்பவர்கள் இவருடைய பழைய வேலைகளையும் பார்க்க வேண்டும். கானாவின் குமாசி நகரில் மேற்கத்திய பாணியில் சிற்பம் படித்து வெளியே வந்தவர், சந்தையில் பண்டம் பரப்பும் மரத்தட்டுகளை வாங்கி, காய்ச்சிய இரும்பால் அடிங்க்ரா என்ற கானாவின் மரபுக் குறிகளைச் சுட்டார். மூடிகளுக்கு வரும்போது அந்தக் குறிகளெல்லாம் போய்விட்டன. எனக்கு இந்த மூடிக் காலம்தான் பிடிக்கிறது.

இன்னொன்று. ஒரு விரிப்பை இப்படித்தான் மாட்ட வேண்டும் என்று அவர் உத்தரவு போடுவதில்லை. மடிப்பும் தொய்வும் மாட்டுகிறவர் கையில். ஒரே படைப்பு வெனிஸில் ஒரு மாதிரி, நியூயார்க்கில் வேறு மாதிரி தொங்கலாம். கோடி கொடுத்து வாங்கியவருக்கு வயிற்றைக் கலக்கும். கலக்கட்டுமே!