எஞ்சின் எண் பொருந்தாத என் ஜிடிஓவைப் பற்றி

பழைய அமெரிக்க மசில் கார் (நடுத்தர உடம்பில் பெரிய எஞ்சின் வைத்த வண்டி) வைத்திருக்கிறேன் என்று சொன்னால் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "மேட்ச்சிங் நம்பர்ஸா?" ஆலையில் பொருத்திய அதே எஞ்சின்தானா, அதில் பொறித்திருக்கும் எண் வண்டியின் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று அர்த்தம். வண்டி எப்படி ஓடுகிறது, கடைசியாக எங்கே ஓட்டிப் போனாய் என்று கேட்பவர்கள் வர வரக் குறைந்துவிட்டார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. ரொம்ப நாளாக மனதில் இருப்பதை இன்று விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது 1968 பொன்டியாக் ஜிடிஓ. மிச்சிகன் தமிழர்களில் நிறையப் பேர் கார் கம்பெனிகளிலோ அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் இடங்களிலோதான் வேலை பார்க்கிறோம், நானும் அப்படித்தான். வண்டியின் எண் 242378 என்று தொடங்கி, அடுத்து 'பி' என்ற எழுத்து வரும். 2 என்றால் பொன்டியாக், 42 என்றால் ஜிடிஓ, 37 என்றால் இரண்டு கதவு ஹார்ட்டாப் (பக்கத்தில் நடுத்தூண் இல்லாத, மடக்க முடியாத கூரை), 8 என்றால் 1968. 'பி' என்பது இதே மிச்சிகனில் உள்ள பொன்டியாக் நகரத்து ஆலை. அந்த இடத்தில் 'இசட்' இருந்திருந்தால் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலை. இன்று டெஸ்லா கார்கள் வெளியே வருவது அதே இடத்திலிருந்துதான்.

என் வண்டியில் எஞ்சின் மட்டும் பிறந்தபோது இருந்தது இல்லை. அதே 400 க்யூபிக் இன்ச் (எஞ்சினின் கொள்ளளவு) பொன்டியாக் எஞ்சின்தான், ஆனால் வேறொரு வண்டியிலிருந்து வந்தது. விற்றவர் அதை மறைக்கவில்லை. நானும் தெரிந்தேதான் வாங்கினேன், அதற்கேற்ற விலைதான் கொடுத்தேன். இப்படிப்பட்ட வண்டிகளை இரண்டாந்தரமாகப் பார்ப்பது ஏன் தவறு என்று நினைக்கிறேன் என்பதைச் சொல்ல, ஜிடிஓ எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. நடுத்தர அளவுக் காரில் 330 க்யூபிக் இன்ச்சுக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது. அதன் ஒரு பிரிவான பொன்டியாக்கில் இருந்த பொறியாளர்கள் ஜான் டெலோரியன், பில் காலின்ஸ், ரஸ் ஜீ மூவரும் பெரிய பொன்டியாக் காரின் 389 எஞ்சினை நடுத்தர அளவு டெம்பெஸ்ட் காரின் உடம்பில் வைத்துப் பார்த்தார்கள். டெம்பெஸ்டில் ஏற்கெனவே இருந்த எஞ்சினுக்கும் இதற்கும் வெளி அளவு ஒன்றுதான் என்பதால் அது சிரமமில்லாமல் உட்கார்ந்தது. புது மாடல் என்று காட்டினால் மேலிடம் தடுக்கும். அதனால் டெம்பெஸ்டின் உயர்ரகமான லெமான்ஸ் மாடலுக்கு 295 டாலர் கூடுதல் தொகுப்பு என்று விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 5,000 போனாலே பெரிது என்று விற்பனைப் பிரிவு கணக்குப் போட்டது. 1964-இல் மட்டும் 32,450 விற்றது. இரண்டே வருடத்தில், 1966-இல், அது 96,946 ஆனது.

இந்தப் புகழுக்குப் பத்திரிகைகளில் வந்த சோதனை ஓட்டங்கள் பெரிய காரணம். அப்படிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்த ஆரம்ப கால வண்டிகள் சிலவற்றில் 389-க்குப் பதிலாக 421 எஞ்சின் இருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்த வேலை நடந்த இடம் ராயல் ஓக் ஊரிலிருந்த ராயல் பொன்டியாக் என்ற டீலர்ஷிப். அதே டீலர்ஷிப் 1968-இல் புது ஜிடிஓவின் 400-ஐக் கழற்றிவிட்டு 428 வைத்துத் தர 650 டாலர் வாங்கியது. ஆக, இந்த வண்டியின் பெயரைத் தூக்கிவிட்டதே எண் பொருந்தாத எஞ்சின்கள்தான். அன்று இவற்றை வாங்கிய இளைஞர்கள் எஞ்சினை மாற்றினார்கள், கார்புரேட்டரை மாற்றினார்கள், பின் ஆக்ஸில் கியரை மாற்றினார்கள், சனிக்கிழமை ராத்திரி டெட்ராய்ட் பக்கத்து உட்வர்ட் அவென்யூவில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்டார்கள். எஞ்சின் உடைந்தால் கிடைத்ததைப் போட்டு ஓட்டினார்கள். ஓட்டியவர்கள் மாற்றியதை இன்று நாம் குறை என்று எழுதி விலையைக் குறைக்கிறோம். வாங்கி மூடி வைத்தவருடையது 'சுத்தமான' வண்டி ஆகிவிடுகிறது.

அரிது என்ற சொல்லையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கச் சொல்வேன். பிளிமத் கம்பெனியின் 1971 'குடா காரில், 'ஹெமி' என்ற பெரிய எஞ்சினோடு வந்த கன்வெர்ட்டிபிள் (கூரையை மடக்கும் வண்டி) மொத்தம் 11 தான் செய்தார்கள். அதில் ஒன்று 2014-இல் சியாட்டிலில் நடந்த மீகம் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. ஏன் 11 மட்டும்? அந்த எஞ்சினுக்குத் தனியாகக் கட்ட வேண்டிய பணம் அதிகம். சின்ன வயதுக்காரர் பெரிய எஞ்சின் கார் எடுத்தால் இன்ஷூரன்ஸ் கட்டணம் கழுத்தை நெரித்தது. அதனால் வாங்க ஆளில்லை. அன்று விலைபோகாததுதான் இன்று அரிதாகியிருக்கிறது. ஏலத்தில் கோடிகள் கொடுப்பது அவரவர் பணம், அவரவர் விருப்பம். ஆனால் அந்தக் காலத்துத் தெருவில் உண்மையில் ஓடியது எது என்று கேட்டால், 1968-இல் மட்டும் 87,684 செய்யப்பட்ட என் ஜிடிஓ போன்றவைதான். மூவாயிரம் டாலரைச் சற்றே தாண்டிய விலைக்கு, வேலைக்குப் போகத் தொடங்கிய பையன் தவணையில் எடுத்த வண்டி. அதே வருடம் வந்த பிளிமத் ரோட் ரன்னர் மூவாயிரத்துக்கும் கீழே.

சரி, அப்படியானால் எண்களைப் பார்க்கவே வேண்டாமா? கட்டாயம் பார்க்க வேண்டும். பொய் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள், எஞ்சின் முகப்பைத் தேய்த்துவிட்டுப் புது எண் பொறிப்பவர்களும் இருக்கிறார்கள். 1964, 65 ஜிடிஓக்களின் வண்டி எண்ணில் அது ஜிடிஓ என்பதற்கான அடையாளமே கிடையாது, சாதாரண லெமான்ஸ் எண்தான் இருக்கும். 1966-இலிருந்துதான் 242 வந்தது. 1969-இல் வந்த 'ஜட்ஜ்' என்ற ஜிடிஓ வகையும் வெறும் கூடுதல் தொகுப்பு என்பதால் அதுவும் எண்ணில் தெரியாது. அந்த வருடம் ஜட்ஜ் கன்வெர்ட்டிபிள் 108 தான், ஸ்டிக்கரும் பின் சிறகும் ஒட்டிய போலிகள் எத்தனை ஓடுகின்றனவோ! பொன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்று ஒன்று இருக்கிறது. வண்டி எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால் ஆலைப் பதிவேட்டின் நகலை அனுப்புவார்கள். எந்த எஞ்சின், எந்த நிறம், என்னென்ன கூடுதலாகக் கேட்டு வாங்கினார்கள் என்பது எல்லாம் அதில் இருக்கும். லெமான்ஸை ஜிடிஓ மாதிரி மாற்றி, அப்படியே சொல்லி விற்பவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மாற்றிவிட்டு அசல் என்று விற்பவர் திருடர்.

எனக்கு வந்த நகலில் ஒரு விஷயம் ரொம்பப் பிடித்தது. என் வண்டியின் முதல் சொந்தக்காரர் முன்பக்க டிஸ்க் பிரேக்குக்குப் பணம் கட்டவில்லை. ஆனால் பானெட் மேல் உட்காரும் டாக்கோமீட்டருக்கு (எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டுவது) கட்டியிருக்கிறார்! கண்ணாடிக்கு வெளியே, ஓட்டுபவர் கண்ணுக்கு நேராக, பானெட்டிலேயே முளைத்த மாதிரி ஒரு மீட்டர். அவர் யார் என்று எனக்குத் தெரியாது, வயது இருபத்தைந்துக்குள்தான் இருந்திருக்க வேண்டும்.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். காலையில் குளிர்ந்த எஞ்சினை எழுப்ப, ஆக்ஸிலரேட்டரை ஒரு தடவை தரைவரை மிதித்து விட வேண்டும், அப்போதுதான் காற்று வரும் வழியைக் குறைக்கும் சோக் மூடும். பிறகு சாவி. முதல் சில நிமிடம் வேகமாகச் சுற்றும், சூடானதும் பெடலை லேசாகத் தட்டினால் இறங்கி வரும். அதன் பிறகு வரும் அந்தத் தணிந்த உறுமல் கராஜ் தரையில் நிற்பவர் காலிலும் ஏறும். நாலு கியர், கையில் ஹர்ஸ்ட் கம்பெனியின் கியர் லிவர். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் குவாட்ராஜெட் கார்புரேட்டரில் முன் வாய் இரண்டும் சின்னது, பின் வாய் இரண்டும் பெரியது. நிதானமாக ஓட்டும்போது சின்னதோடு போய்க்கொண்டிருக்கும். மூன்றாம் கியரில் பெடலைக் கடைசிவரை அமுக்கினால் பின் இரண்டும் திறக்கும், சத்தமே வேறாகிவிடும். இதைக் கேட்டுவிட்டு ஏலப் பட்டியலைப் பார்ப்பவருக்கு அங்கே என்ன இல்லை என்பது புரியும்.

வேகம் என்று பார்த்தால் இன்றைய வி6 குடும்பக் கார் இதைத் தோற்கடித்துவிடும். 1968-இல் சொன்ன 350 குதிரைத்திறன், எஞ்சினைத் தனியாகப் பெஞ்சில் வைத்து அளந்தது, அதனால் எண் பெரிதாகத் தெரியும். 1972-இலிருந்துதான் வண்டியில் இருக்கும்படியே எல்லாவற்றையும் மாட்டி அளந்த எண்ணைச் சொல்லத் தொடங்கினார்கள். இதை அறிந்தும் நான் ஓட்டுகிறேன். ஸ்டியரிங்கில் ஓரளவு ஆட்டம் இருக்கும். முன்னால் போகிறவரிடமிருந்து நிறைய இடம் விட்டே வர வேண்டும். மனம் வேறெங்கோ இருக்க இதை ஓட்ட முடியாது. அந்த முழுக் கவனம்தான் எனக்கு இதில் கிடைக்கும் பெரிய பாக்கியம்.

பராமரிப்பில் இரண்டு சங்கதி சொல்லியாக வேண்டும், புதிதாக வாங்குபவர்களுக்கு உதவும். இந்த எஞ்சின்களில் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் கேம்ஷாஃப்டும் டாப்பெட்டும் ஒன்றோடொன்று உரசி ஓடுபவை. அவற்றைக் காப்பது எண்ணெயில் இருக்கும் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு பொருள். இன்றைய கார்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடாமல் இருக்க எண்ணெயில் அதைக் குறைத்துவிட்டார்கள். கடையில் கிடைத்ததை ஊற்றினால் கேம் தேய்ந்துபோகும், பழைய எஞ்சினுக்கென்று விற்பதைத்தான் ஊற்ற வேண்டும். பெட்ரோலிலும் எத்தனால் கலந்திருக்கிறது, பழைய ரப்பர் குழாய்களைத் தின்றுவிடும். குழாய்களை முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை பாயிண்ட் சரி செய்வது, அதாவது ஸ்பார்க் வரவைக்கும் தொடுமுனைகளின் இடைவெளியைச் சரியாக வைப்பது. ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் டெல்கோ டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போதே அந்தத் தகட்டைத் தூக்கி, ஆலன் கீயை உள்ளே விட்டு, எஞ்சின் தடுமாறும்வரை வலப்பக்கம் திருப்ப வேண்டும், பிறகு அரைச் சுற்றுப் பின்னால். பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டும் ட்வெல் மீட்டரில் பார்த்தால் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிக்கொள்ளலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மாட்டலாம், தப்பில்லை. எனக்கு அந்த ஜன்னல் வேண்டும்.

மாற்றம் கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவன் இல்லை நான். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டிருக்கிறேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாள், இதில் பேரம் பேச ஒன்றுமில்லை. பழைய டிரம்களைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன், யாருக்காவது வேண்டுமானால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். உடம்பை வெட்டி ஒட்டுவேலை செய்துவிட்டால்தான் பழையபடி மாற்ற வழியில்லை, அதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள்.

புதுப்பித்தலில் நடப்பதும் எனக்கு வருத்தம் தருகிறது. ஆலையில் பெயின்ட் அடித்தபோது ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு இருந்தது, கதவு இடைவெளிகள் ஒரே அளவில் இருக்கவில்லை. இன்று ஷோவில் நிற்பவை ஆலையிலிருந்து வந்தபோது இருந்ததைவிடப் பளபளக்கின்றன. ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் 'புல்லிட்' படத்தில் ஓட்டி நடித்த 1968 மஸ்டாங்கைப் பாருங்கள். 1974-இல் வாங்கிய குடும்பம் அதை அன்றாட வேலைகளுக்கு ஓட்டியது. புதுப்பிக்காமல், துருவும் தேய்மானமுமாக அப்படியே 2020 ஜனவரியில் ஏலத்துக்கு வந்தபோது கட்டணத்தோடு 37.4 லட்சம் டாலர் போனது. நட்சத்திரத்தின் பெயர் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தேய்த்து மெருகேற்றியிருந்தால் யாருக்கு என்ன லாபம்?

வாங்கலாமா என்று இன்பாக்ஸில் கேட்கும் தம்பிகளுக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். எண் பொருந்தாத, நேர்மையாக அப்படியே சொல்லி விற்கும் வண்டியைத் தேடுங்கள். அதே தோற்றம், அதே சத்தம், கணிசமாகக் குறைந்த விலை, தெருவில் எடுக்கப் பயமும் இல்லை. எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் படுத்துக்கொண்டு அடிச்சட்டத்தைப் பாருங்கள். பின் கண்ணாடிக்குக் கீழேயும் டிக்கித் தரையிலும் துரு இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். எஞ்சினை மாற்றுவது ஒரு வார இறுதி வேலை, துருப்பிடித்த உடம்பைச் சரிசெய்யும் செலவில் இன்னொரு வண்டியே வாங்கலாம். நீங்கள் போகும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள், குளிர்ந்த நிலையில் எழுப்பிப் பார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸை, இருவரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். சாதாரண பாலிசியில் இதை வெறும் பழைய கார் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள்.

மிச்சிகனில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 'ஹிஸ்டாரிக்' நம்பர் பிளேட் எடுத்தால் பெரும்பாலும் ஷோ, ஊர்வலம், கிளப் வேலைகளுக்குத்தான் ஓட்டலாம். அதனால் நான் சாதாரண பிளேட்தான் வைத்திருக்கிறேன், மளிகைக் கடைக்கும் இதில்தான் போகிறேன். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் வரும். ஃபெர்ன்டேலிலிருந்து பொன்டியாக் வரை தெரு முழுக்க இந்த வண்டிகள்தான், 1995-இலிருந்து நடக்கிறது. நான் ராயல் ஓக் பக்கம் இருப்பேன். வருகிறவர்கள் ஒரு மெசேஜ் போடுங்கள், பக்கத்து சீட் காலியாகத்தான் இருக்கும்.