கவுண்டுக்கு மூணு வரி மேலே

ஐப்பசி மழை விழுந்துவிட்டால் எங்கள் லேப் ஜன்னலில் ஒரே கேள்விதான். "தம்பி, கவுண்டு எவ்வளவு?" டெங்கு காய்ச்சலில் குறைகிற பிளேட்லெட், அதாவது ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். நோயாளி பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். பாளையங்கோட்டையில் ரத்தம் எடுக்கிற வேலைக்கு நான் சேர்ந்தது 2012-இல். கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு போட்டு அடித்த வருடம் அது. தென்காசியும் அப்போது நம் திருநெல்வேலி மாவட்டம்தான். பிளேட்லெட் என்ற சொல் அன்றைக்கு ஊருக்குள் வந்தது, இன்னும் போகவில்லை.

கவுண்டு பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டெங்கு யாருக்கு முற்றப்போகிறது என்பதை அது மட்டும் சொல்லிவிடாது. 40 ஆயிரத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டவரையும் பார்த்திருக்கிறேன், 90 ஆயிரத்தில் கை கால் சில்லிட்டுக் கிடந்தவரையும் பார்த்திருக்கிறேன். சில நேரம் ஊதா மூடி டியூபுக்குள்ளேயே தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு மெஷின் குறைத்துக் காட்டும். ஸ்லைடு போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதற்குள் வாட்ஸ்அப் குரூப்பில் "பிளேட்லெட் அவசரத் தேவை" ஓடிவிடும். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கை குறைந்ததற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதில் பெரிய பலன் இல்லை என்பது டாக்டர்களுக்குத் தெரியும். கூட இருப்பவர்கள் விட்டால்தானே!

டெங்குவில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் கசிவு. ரத்தக்குழாயிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேரும், குழாய்க்குள் இருக்கிற ரத்தம் கெட்டிப்படும். பதநீரைக் காய்ச்சக் காய்ச்சக் கூழாகுமே, அந்த மாதிரி. அந்தக் கெட்டியைக் காட்டுவது பிசிவி, ரத்தத்தில் சிவப்பணுக்கள் நூற்றுக்கு எத்தனை பங்கு என்கிற அளவு. முன்பு இருந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே கசிவு நடக்கிறது என்று அர்த்தம்.

போன வருடம் எங்கள் மைனிக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் பிசிவி 33. எப்போதுமே ரத்தம் குறைவான உடம்பு. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, கவுண்டு 62 ஆயிரம், பிசிவி 41. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அண்ணன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பி, "காய்ச்சல் விட்டுட்டுல்லா, ரத்தமும் ஏறிருக்கு பாத்தியா" என்றான். ரிப்போர்ட்டும் அவனை ஏமாற்றத்தான் செய்தது. 33-க்குப் பக்கத்தில் 'குறைவு' என்று குறி இருந்தது. 41-க்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை, நார்மல் அளவுக்குள் வந்துவிட்டதே! இரண்டு நாளில் முருங்கைக்கீரை தின்று யாருக்கு எட்டுப் புள்ளி ரத்தம் ஊறும்? ஊறவில்லை, நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்பட்டிருந்தது.

"வயிறு வலிக்குன்னாளா?"ன்னு கேட்டேன். "ஆமா, காலைலருந்து ரெண்டு வாட்டி வாந்தி. பித்தமா இருக்கும்" என்றான். மூத்திரம் போனது முந்தின நாள் ராத்திரி. உடனே திரும்பக் கூட்டிப்போகச் சொன்னேன். பிபி பார்த்தால் 100-க்கு 82. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20-க்கு வந்துவிட்டாலே ஷாக்கின், அதாவது ரத்த ஓட்டம் சரிந்துபோகிற நிலையின், வாசல் என்பார்கள். ராத்திரி முழுக்க அளந்து அளந்து டிரிப் போட்டார்கள், சில மணிக்கு ஒரு தடவை பிசிவி பார்த்தார்கள். அளந்துதான் போட வேண்டும். ஓரிரு நாளில் கசிந்த நீர் தானாகத் திரும்பி உள்ளே வரும்போது, கூடுதலாகப் போட்டது நுரையீரலில் போய் நிற்கும். மைனி பிழைத்துக்கொண்டாள்.

காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் டெங்குவில் மோசமான கட்டம். நாம் அப்போதுதான் பையைக் கட்டுகிறோம். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது, இதையெல்லாம் 2009-இலேயே உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை அறிகுறி என்று வகுத்துவிட்டது. டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் நாலு வரி அடித்துக் கொடுக்க என்ன செலவாகிவிடும்? எங்கள் லேப்காரர்களையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். பழைய பிசிவியைப் புதியதன் பக்கத்திலேயே அச்சடித்தால் அண்ணன் மாதிரி ஆட்கள் ஏமாற மாட்டார்கள்.

நான் இப்போது பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன். நேற்று ஒரு அண்ணாச்சி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிசிவின்னா என்ன தம்பி, இதுக்குத் தனியா ரூவா உண்டா?"

"இல்ல அண்ணாச்சி, கவுண்டு எடுக்குத அதே டெஸ்டுதான். மூணு வரி மேல பாருங்க."