முதல் பக்கத்தைப் போடுங்க, பொறவு ஓட்டு எடுக்கலாம்

ஞாயித்துக்கிழமை ரேஸ்கோர்ஸ் மாடியில நடந்ததைப் பத்தி ஆளாளுக்கு போன் பண்ணிக் கேட்டாச்சு. "ஏனுங்க்கா, சண்டை போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்களாமா?" சண்டையெல்லாம் ஒண்ணும் போடலீங்க. எந்திரிச்சு வந்தது நெசம். வந்திருந்தவங்களுக்கு விசயம் தெரியும், அதனால முழுக்கதையும் மறுபடி ஓட்டப் போறதில்ல. வராதவங்களுக்கு ஒரு வரி: எல்லாரும் கூடி ஒரு பழைய ஆல்பத்தை ரெக்கார்டுல போட்டுக் கேட்டு, எந்தப் பாட்டு பெருசுன்னு ஓட்டுப் போட்ட கூட்டம் அது. பாதி ரெக்கார்டைப் போட்டுட்டு முழு ஆல்பத்துக்கு எப்படிங்க மார்க் போட்டீங்க? அதுக்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்க, போதும்.

'சிங்க்ரோனிசிட்டி' 1983-ல வந்தது. 'தி போலீஸ்'ங்கற இங்கிலாந்து ராக் பேண்டோட அஞ்சாவது ஆல்பம், அதுவே கடைசி. எல்பியில, அதாவது பெரிய ரெக்கார்டு தட்டுல, முதல் பக்கம் ஆறு பாட்டு, ரெண்டாம் பக்கம் நாலு. அன்னைக்கு ஊசியை வெச்சதே ரெண்டாம் பக்கத்துல. 'எவ்ரி பிரெத் யூ டேக்', 'கிங் ஆஃப் பெய்ன்', 'ராப்ட் அரவுண்ட் யுவர் ஃபிங்கர்', 'டீ இன் த சஹாரா'. முடிஞ்சதும் கைதட்டல். முதல் பக்கம் எங்கேன்னு கேட்டா, "டைம் இல்லீங்க, எல்லாரும் கேட்டதுதானே". அந்த முதல் பக்கம் மொத்தமே 21 நிமிசந்தானுங்க. அதை விட எச்சா நேரம் அந்த ரெக்கார்டு எங்க வாங்கினது, என்ன விலை, ஊசி எந்த நாட்டு ஊசின்னு பொறுமையா உக்காந்து கேட்டோம். அதுக்கெல்லாம் டைம் இருந்துச்சு.

அப்புறம் சீட்டு குடுத்து டிக் அடிக்கச் சொன்னாங்க. ரிசல்ட் என்ன தெரியுங்களா? போட்ட நாலு பாட்டும் முதல் நாலு இடத்துல. அடேங்கப்பா, யாருமே எதிர்பார்க்கல! 'சிங்க்ரோனிசிட்டி 2' அஞ்சாவது. 'மதர்' சீட்டுலயே இல்ல. அதையெல்லாம் யாரு கேப்பாங்கன்னு பிரிண்ட் எடுக்கறப்பவே தூக்கிட்டாங்களாம். எலெக்சன்ல வேட்புமனுவைத் தள்ளுபடி பண்றவங்க கூட ஒரு காரணம் எழுதிக் குடுக்கறாங்க.

இதுல இன்னொரு கூத்து. பின்னாடி உக்காந்திருந்த ஒருத்தர் பாவம், "என்னோட ஓட்டு 'மர்டர் பை நம்பர்ஸ்'க்கு"ன்னாரு. "அது ஆல்பத்துலயே இல்லீங்களே"ன்னு நாலு பேர் சிரிச்சாங்க. அவரு சொன்னதுல என்ன தப்பு? அந்தப் பாட்டு எல்பியில இல்ல. ஆனா கேசட்லயும் சிடியிலயும் கடைசிப் பாட்டா வந்தது. ரெக்கார்டு வாங்க வக்கிருக்கறவன் கேட்டதுதான் ஆல்பம், கேசட்டுல கேட்டவன் கேட்டதெல்லாம் சும்மாவா? நம்மூர்ல 83-லயும் 85-லயும் எத்தனை வீட்டுல எல்பி ஓடுச்சுன்னு நெஞ்சுல கை வெச்சு சொல்லுங்க.

எனக்கு இந்த ஆல்பம் வந்த விதம் அப்படித்தான். அண்ணன் காலேஜ் ஹாஸ்டல்ல ஊட்டிப் பையன் ஒருத்தன் கிட்ட இருந்து ஒரிஜினல் கேசட்டை வாங்கிட்டு வந்து, ரெக்கார்டிங் கடையில 90 கேசட்டுல ஏத்தச் சொன்னான். 90-ல ஒரு பக்கம் 45 நிமிசம். மொத்தம் 11 பாட்டும் சேர்த்தா 44 நிமிசமும் சொச்சமும். கடைக்காரர், "தம்பி, ஒரே பக்கத்துல கும்முனு ஏறிப்போச்சு, மறுபக்கம் சும்மா கிடக்குதேன்னு ராஜா பாட்டு போட்டுட்டேன்"னாரு. அந்த ஒரு கேசட்டுதான் எங்க வீட்டுல வருசக்கணக்கா ஓடுச்சு. பாட்டைத் தாண்டி ஓட்டினா பேட்டரி தீர்ந்து போகும்னு அண்ணன் தொடவே விட மாட்டான். அதனால 'மதர்' வந்தா 'மதர்' கேட்டுத்தான் ஆகணும். 'மிஸ் கிராடெங்கோ' ரெண்டு நிமிசத்துல ஓடிப்போகும். முழுசா கேட்டுக் கேட்டுத்தான் எந்தப் பாட்டு எதுக்கு அடுத்து ஏன் வருதுன்னு புரிஞ்சுது.

இதைச் சொன்னா உடனே "நாஸ்டால்ஜியா"ம்பாங்க. இருக்கட்டுமே. நாஸ்டால்ஜியா இருக்கறவங்களுக்குக் காது இருக்காதா?

இன்னொருத்தர் "போலீஸ் நியூ வேவே கிடையாது, அது ரெக்கே"ன்னாரு. நியூ வேவ்ங்கறது எழுபதுகளோட கடைசியில வந்த ராக் பாணி, ரெக்கே ஜமைக்கா இசை. இந்த ஆல்பத்துல ரெக்கே எங்க இருக்குதுன்னு அவரே தேடிக் கண்டுபிடிச்சுட்டு வரட்டும். நான் காத்திருக்கேன்.

சரி, பாட்டுக்கு வர்றேன். முதல் பக்கம் 'சிங்க்ரோனிசிட்டி 1'ல ஆரம்பிக்குது. சீக்வென்சர் (சுரங்களைத் தானா திருப்பித் திருப்பி வாசிக்கற கருவி) ஒரு பக்கம் மெசின் மாதிரி ஓட, அதைப் புடிக்கிற வேகத்துல டிரம்மர் ஸ்டூவர்ட் காப்லேண்ட் அடிக்கறாரு. அடுத்து 'வாக்கிங் இன் யுவர் ஃபுட்ஸ்டெப்ஸ்', டைனோசர் கிட்டப் பேசற மாதிரி அணுகுண்டைப் பத்தின பாட்டு. 'ஓ மை காட்'. 'மதர்' கிட்டாரிஸ்ட் ஆண்டி சம்மர்ஸ் எழுதினது, ஏழு தாளக் கணக்குல அவரே கத்தறாரு. 'மிஸ் கிராடெங்கோ' காப்லேண்ட் எழுதினது. மூணு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கறது இந்தப் பக்கத்துலதான் கேக்குது. ரெண்டாம் பக்கம் முழுக்கப் பாடகர் ஸ்டிங் மட்டுந்தான் எழுதியிருக்காரு. கரீபியன்ல மான்செராட் தீவுல ரெக்கார்டு பண்ணினப்ப மூணு பேரும் மூணு ரூம்ல இருந்து வாசிச்சாங்க, டிரம்ஸ் சாப்பாட்டு ரூம்ல. ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கற அளவுக்கு அங்க சண்டை. அந்தச் சண்டை ரெண்டாம் பக்கத்துல அழகா துடைச்சு வெச்சிருக்குது. முதல் பக்கத்துல அப்படியே கிடக்குது. கடைசியா அத்தனையும் சேர்ந்து 'சிங்க்ரோனிசிட்டி 2'ல வெடிக்குது. அஞ்சு பாட்டையும் விட்டுட்டு அதை மட்டும் தனியா போட்டாக்கூட ஒத்துக்க மாட்டேன். நீங்க அதைக்கூடப் போடல.

"அக்கா, 'எவ்ரி பிரெத்' அமெரிக்காவுல எட்டு வாரம் நம்பர் ஒன்." தெரியுங்க. ஆல்பம் 17 வாரம் நம்பர் ஒன்னா இருந்ததும் தெரியும், அதுவும் மைக்கேல் ஜாக்சனோட 'த்ரில்லர்' ஓடிட்டு இருந்த வருசத்துல. நல்ல பாட்டு இல்லைன்னு நான் எப்பச் சொன்னேன்? 'கிங் ஆஃப் பெய்ன்' வந்தா நானும் வேலையை விட்டுட்டு நிப்பேன். ஆனா 'எவ்ரி பிரெத்'தைக் காதல் பாட்டுன்னு நெனச்சு ஓட்டுப் போட்டவங்க எத்தனை பேர்னு அன்னைக்கு மூஞ்சியைப் பார்த்தே எண்ணிட்டேன். போன தையில அவினாசி ரோட்டு மண்டபத்துல ஒறம்பரை வீட்டு ரிசப்சன். மெல்லிசைக் குழு இதைப் பாடறாங்க, பொண்ணு மாப்பிள்ளை மேடையில கையைக் கோத்துட்டு சிரிக்கறாங்க. நீ எங்க போனாலும், என்ன பண்ணினாலும் நான் பாத்துட்டே இருப்பேன்னு ஒருத்தன் மிரட்டற பாட்டுங்க அது. பொண்ணோட மாமியார் முன்வரிசையில உக்காந்து தாளம் போட்டுட்டு இருந்தாங்க. ஒருவேளை அவங்களுக்கு மட்டும் அர்த்தம் புரிஞ்சிருக்கலாம்.

அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்தறதே சம்மர்ஸோட கிட்டார்தான். 1997-ல ராப் பாடகர் பஃப் டாடி எடுத்து ஓட்டினதும் அந்தக் கிட்டாரைத்தான். ஆனா எழுதினவர்னு பேர் இருக்கறது ஸ்டிங்குக்கு மட்டும். 40 வருசம் கழிச்சு இப்ப லண்டன் கோர்ட்டுல மத்த ரெண்டு பேரும் காசு பாக்கின்னு நிக்கறாங்க. முன்னாடி நிக்கறவனுக்குத்தான் எல்லாம்ங்கறது பாட்டுக்கும் பொருந்துது, பக்கத்துக்கும் பொருந்துது.

இதெல்லாம் கூடப் போகட்டுங்க. எனக்கு உறைச்சது வேற.

'சிங்க்ரோனிசிட்டி 2'தான் இதுல பெரிய பாட்டுன்னு நான் சொன்னப்ப, அங்க இருந்த ஒரு தம்பி (நல்ல பையன், எனக்கு அவன் மேல கோவமில்ல, கொஞ்சம் இருக்குது) சிரிச்சுட்டே சொன்னான்: "அக்கா, நீங்க சிங்காநல்லூர், மில் ஏரியா. அந்தப் பாட்டுல ஃபேக்டரி வருது, அப்பா வர்றாரு. உங்களுக்கு அது செண்டிமெண்ட். நாங்க மியூசிக்கா பாக்கறோம்." பக்கத்துல ஒருத்தர் கூடவே, "அந்தக் காலத்துல சிங்காநல்லூர்ல போலீஸ் கேட்டாங்களா?"ன்னு ஆச்சரியமா கேட்டாரு. கேட்டோமுங்க. இவங்க 1980-லயே பம்பாய் ரங் பவனுக்கு வந்து வாசிச்சுட்டுப் போனவங்க. கோயமுத்தூருக்குக் கேசட் வர்றதுக்கு விசாவா வேணும்?

செண்டிமெண்ட்ன்னு சொன்னீங்கல்ல, சொல்றேன் கேளுங்க தம்பி.

என்ற அப்பா மில்லுல கார்டிங், பஞ்சைச் சீவி எடுக்கற வேலை. முழு நைட் முடிச்சு விடிகாலையில வந்தா புருவத்துல பஞ்சு ஒட்டியிருக்கும். ஒரு வருசம் போனஸ் தகராறுல ஸ்ட்ரைக். கேட்டுக்கு எதுக்க பந்தல் போட்டு உக்காந்தாங்க, அப்பாவும் அங்கதான். மாசம் ரெண்டு தாண்டுச்சு. ஒரு நாள் கம்பிவலை அடிச்ச வேன்ல கொஞ்சம் பேரை ஸ்ட்ரைக்கை மீறி வேலைக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. அதுல எங்க பக்கத்து வீட்டுக்காரர். நான் சித்தப்பான்னு கூப்பிடற ஆளு. துண்டைத் தலையில போட்டு, குனிஞ்சு, முட்டியைப் பார்த்துட்டுப் போனாராம். அன்னைக்கு ராத்திரி அப்பா சாப்பிட்டு முடிச்ச தட்டுல தண்ணியை ஊத்திட்டு, கையை அதுல விட்டபடியே உக்காந்திருந்தாரு. பாட்டி உள்ள இருந்து எதுக்கோ கத்திட்டு இருக்குது. அம்மா பருப்பு இல்ல, எண்ணெய் இல்ல, கடைக்காரன் இனிமே தர மாட்டான்னு சொல்லிட்டே இருக்குது. அப்பா எதையும் கேக்கல. அந்த வருசம் மாரியம்மன் நோம்பிக்கு ரெண்டு வீட்டுக்கும் நடுவுல பலகாரத் தட்டு போகல. அடுத்த வருசமும் போகல.

பாட்டுல பாட்டி கத்தறா, அம்மா புலம்பறா, அப்பா எங்கயோ வெறிச்சுப் பாக்கறாரு. கேசட்டுல முதல்ல கேட்டப்ப எனக்கு ஒரு வரி வெளங்கல, வெறும் கிட்டார் ஊளையும் டிரம்ஸும்தான். அதுக்கே புடிச்சுது. மியூசிக்கா பார்த்தது நான்தான் தம்பி. வரி புரிஞ்சது காலேஜ் போன பொறவு. புரிஞ்சதும் இடிச்சுது. ஏன்னா அந்தப் பாட்டுல வர்ற ஆளு பந்தல்ல உக்காந்தவரு இல்ல. மறியல் பண்றவங்களைத் தாண்டி நடந்து உள்ள போறவன். உள்ள போயும் மேலதிகாரி கிட்ட தினம் அவமானப்படறவன். என்ற அப்பா அந்தப் பாட்டுல இல்லவே இல்லைங்க. சித்தப்பாதான் இருக்காரு. நான் வெறுத்த ஆளு. அவரு வேன்ல முட்டியைப் பார்த்துட்டுப் போனப்ப என்ன நெனச்சிருப்பாருன்னு என்னை ரோசனை பண்ண வெச்சது எங்க ஊர்ப் பாட்டு ஒண்ணும் இல்ல. இதுக்குப் பேரு செண்டிமெண்டா? அப்படின்னா செண்டிமெண்டை நீங்க குறைச்சு எடை போட்டிருக்கீங்க.

அதே நேரத்துல எங்கியோ ஸ்காட்லாந்து ஏரியில ஏதோ ஒண்ணு தண்ணிக்குள்ள இருந்து எந்திரிச்சு வருது. சம்பந்தமே இல்லாத ரெண்டு விசயம் ஒரே நேரத்துல. மனோதத்துவ நிபுணர் யுங்கையும் எழுத்தாளர் கோஸ்ட்லரையும் படிச்சுட்டு ஸ்டிங் ஆல்பத்துக்கே வெச்ச பேரு அந்த ரோசனைதான். பேரு வெச்ச பாட்டு ரெண்டும் முதல் பக்கத்துல இருக்குது. நீங்க போடாத பக்கத்துல. எத்தனை தடவை சொல்றது?

"ஓட்டுல தோத்துட்டு இவ்வளவு பெரிய பதிவா?"ன்னு கேப்பீங்க. ஆமாங்க, தோத்துட்டேன். நெம்பக் கேவலமாத் தோத்துட்டேன். முழுசா கேட்டுட்டு அதே நாலு பாட்டுக்கே ஓட்டு விழுந்திருந்தா வாயை மூடிட்டு டீ குடிச்சுட்டு வந்திருப்பேன். சத்தியமா. அநேகமா.

'மதர்' பத்தி ஒண்ணே ஒண்ணு. அதை எடுத்துட்டதுக்கு எல்லாரையும் விட அதிகமா சந்தோசப்பட்டது ஆம்பளைங்கதான், கவனிச்சேன். போன் அடிச்சுட்டே இருக்குது, அம்மாதான் கூப்பிடறா, எடுத்தா பைத்தியம் புடிக்குதுன்னு ஒருத்தன் அலறற பாட்டு. என்ற பையன் பெங்களூர்ல இருக்கான், நான் கூப்பிட்டா எடுக்கறதில்ல, "மீட்டிங்மா"ன்னு மெசேஜ் வரும். ஆக அந்தப் பாட்டுல வில்லி நான்தான். நானே அதைக் கேட்டு ரசிக்கறேன், உங்களுக்கென்னங்க கேடு?

அடுத்த மாசம் அமெரிக்க பேண்ட் டாக்கிங் ஹெட்ஸோட 'ரிமெய்ன் இன் லைட்'டுன்னு சொல்லியிருக்காங்க. 1980 ஆல்பம், மொத்தம் எட்டுப் பாட்டு. எல்லாருக்கும் தெரிஞ்ச 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' ரெண்டாம் பக்கத்துல முதல் பாட்டு. முதல் பக்கத்துல மூணே பாட்டு, ஒவ்வொண்ணும் நீளம். ஊசி எங்க விழும்னு இப்பவே எழுதிக் குடுக்கறேன். வர்றதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல. வந்தா என்ற கேசட் பிளேயரைத் தூக்கிட்டுத்தான் வருவேன், பேட்டரி நானே வாங்கிக்கறேன். உங்க டீயைத்தான் 180 ரூவா குடுத்துக் குடிக்க முடியாது, ஃபிளாஸ்க்ல கொண்டாந்துடறேன்.