கங்கைகொண்ட சோழபுரம் வெறும் கோயில் ஊர் அல்ல

"தஞ்சாவூர்தான் கடைசிவரை சோழர் தலைநகர், கங்கைகொண்ட சோழபுரம் வெற்றியின் நினைவாகக் கட்டிய கோயில் மட்டுமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. கங்கைப் படையெடுப்புக்குப் பின், ஏறத்தாழ 1025-இல் முதலாம் ராஜேந்திரன் தலைநகரையே அங்கு மாற்றினான். 13-ஆம் நூற்றாண்டில் சோழர் ஆட்சி முடியும்வரை, சுமார் 250 ஆண்டுகள் அதுவே தலைநகர். தஞ்சைக்குக் கிடைத்த காலம் அதைவிடக் குறைவு!

கோயிலுக்கு அருகிலுள்ள மாளிகைமேட்டில் நடந்த அகழாய்வில் அரண்மனையின் செங்கல் அடித்தளங்கள் வெளிப்பட்டிருக்கின்றன. ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரியும் பக்கத்திலேயே இருக்கிறது, இன்று பொன்னேரி என்ற பெயரில். கோயில் மதில் சிதைந்து கிடப்பதற்குப் படையெடுப்பை மட்டும் குறை சொல்ல முடியாது. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட அங்கிருந்துதான் கல் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.