செத்துக் கிடந்தவன் எடுக்கும் பகிடிப் படங்கள்

"அந்தக் குடும்பத்திலை பிறந்த பெடியன் ஏன் இப்பிடிப் பகிடிப் படம் எடுத்துக்கொண்டு திரியிறான்?" கோயில் வீதியிலோ கல்யாண வீட்டிலோ யாராவது ஒரு பெரியவர் இதைக் கேட்காமல் விடமாட்டார். கேட்பவருக்குக் கோபம் எதுவும் கிடையாது, ஒருவித இரக்கம்தான். நாடக மேடையில் அப்பப்பா அரிச்சந்திரன், அப்பா சந்திரமதி, பேரன் மட்டும் எங்கேயோ சறுக்கி விழுந்துவிட்டான் என்கிற இரக்கம். சரி, ஒருமுறை விரிவாகவே பதில் எழுதிவிடுகிறேன். அந்த வீட்டில் வளர்ந்தவன் பகிடிக்காரன் ஆகாமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாட்டு நாடகங்கள் தமிழகத்தில் இருந்து இங்கே வந்து, யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலேயே ஊறிப்போனவை. ஆர்மோனியம், மிருதங்கம், கீறின சீன்கள், விடியும்வரை பாட்டு. காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து 1989இல் காலமாகிவிட்டார். அரிச்சந்திரன் கதையின் சுடலைக் கட்டமான மயான காண்டம் என்று சொன்னால் இன்றைக்கும் வயதானவர்கள் வாயில் முதலில் வருவது அவர் பெயர்தான். அவருடைய உயரம் வேறு. எங்கள் குடும்பத்தின் புகழ் சுற்றுவட்டாரத்து நாலைந்து ஊர்களோடு சரி. ஆனால் அந்த ஊர்களில் அப்பப்பாவைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார்கள்.

பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய சபை எங்களுடையது. அதனால் மேடையில் அப்பப்பாவுக்கு மனைவி என் அப்பா. வீட்டில் தகப்பனுக்கு முன்னால் கதிரையில் இருக்கவே கூசுகிற மனிதன், மேடையில் அவரைப் பார்த்து "சுவாமி" என்று உருகுவார். இவர்கள் பெற்ற லோகிதாசன் நான். பாம்பு கடிக்கும் வரைக்கும் ஒன்றிரண்டு பாட்டு, அதற்குப் பிறகு செத்துக் கிடப்பதுதான் வேலை. மயான காண்டமோ லேசில் முடியாது. செத்தவனையும் நுளம்பு கடிக்கும். சந்திரமதி என்னை மடியில் போட்டு "மகனே" என்று உச்சத்தில் எடுத்துக் கதறுவாள், முன்னால் பாயில் இருக்கிற பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள். மூச்சு எடுக்கிற இடைவெளியில் அதே வாய், "நித்திரை கொண்டிடாதை, காலை ஆட்டாதை" என்று முணுமுணுக்கும். அப்புறம் அடுத்த அடி, சுருதி பிசகாமல் வரும். பிறகு சுடலை காக்கிற அப்பப்பா தடியோடு வந்து, கால் பணமும் முழத் துண்டும் வாய்க்கரிசியும் வைத்தால்தான் பிணம் எரிக்கலாம் என்பார். அந்த நாட்களில் வீட்டிலும் அவர் அப்பாவிடம் ஏதோ ஒரு காசுக் கணக்கு கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது எந்தக் காசைக் கேட்கிறார் என்று செத்துக் கிடந்த எனக்கு மட்டும் ஒரே சந்தேகம்.

சனத்துக்கு ஒரு குரல்தான் கேட்டது. எனக்கு இரண்டும் கேட்டது. கதறல் நடிப்பு, முணுமுணுப்பு மட்டும் உண்மை என்று யாரும் அவசரமாக முடிவு கட்டவேண்டாம். அப்பாவின் கண்ணீர் என் நெற்றியில் விழுந்திருக்கிறது, சூடாகத்தான் இருந்தது. மனிதன் முழு மனதோடு அழுதுகொண்டே பிள்ளையின் கால் ஆடுவதையும் கவனிப்பான். என் படத்தில் செத்த வீட்டு ஒப்பாரிக்கு நடுவே "பந்தல்காரனுக்குக் காசு குடுத்தாச்சோ?" என்று கேட்கிற பெரியம்மாவைப் பார்த்துவிட்டு, துக்கத்தைக் கேலி செய்கிறேன் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அந்தப் பெரியம்மாவின் துக்கம் ஒரு துளியும் குறைந்ததல்ல. அவளிடமும் இரண்டு குரல் இருக்கிறது, அவ்வளவுதான்.

உலக சினிமாவில், ஊமைப் படக் காலத்து அமெரிக்கப் பகிடி நடிகர் பஸ்டர் கீட்டனை எனக்கு நெருக்கமானவராக நினைப்பதும் இதனால்தான். 1895இல் பிறந்தவர். தாயும் தகப்பனும் ஊர் ஊராகப் போய் மேடை ஏறிய கலைஞர்கள். பையனையும் சின்ன வயதிலேயே மேடையில் ஏற்றிவிட்டார்கள். தகப்பன் அவரைத் தூக்கித் தூக்கி எறிவதுதான் நிகழ்ச்சியே. பிடித்து எறிய வசதியாகச் சட்டையின் முதுகில் பெட்டிக் கைபிடி ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்களாம். விழுந்து எழும்பித் தான் சிரித்தால் சனம் சிரிப்பதில்லை, முகத்தை உம்மென்று வைத்திருந்தால்தான் சிரிக்கிறது என்பதை அந்தப் பிள்ளை அங்கேயே கண்டுபிடித்தது. பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய அந்தச் சிரிக்காத முகம் இப்படி வந்ததுதான். 1928இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில், வாட்டசாட்டமான மகனை எதிர்பார்த்து நிற்கிற கப்பல்காரத் தகப்பனுக்கு முன்னால் ஒல்லியான கீட்டன் வந்து நிற்பார். தகப்பனின் முகம் போகிற போக்கைப் பாருங்கள். என் முதல் படத்தைப் பார்த்துவிட்டு அப்பா வைத்திருந்த முகம் அச்சு அசல் அதுதான்.

யாழ்ப்பாணத்துக்குப் பகிடி என்ன புதிதா? பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இலேயே 'நானாடகம்' என்று யாழ்ப்பாணப் பேச்சிலேயே நாடகங்களை எழுதிப் புத்தகமாகப் போட்டார். கே. எஸ். பாலச்சந்திரன் தனி ஆளாக நின்று 'அண்ணை றைற்' என்று ஒரு பஸ்ஸையே மேடையில் ஓட்டிக் காட்டினார். 1976இல் வந்த 'கோமாளிகள்' படம் ஒரு வானொலிப் பகிடி நாடகத்தில் இருந்து பிறந்தது. எங்கள் சபையிலும் பபூன், அதாவது கோமாளி, இருந்தார். அவருக்கு ராசாவை விடச் சம்பளம் குறைவு, ஆனால் சனம் சாமத்தில் தூங்கி விழத் தொடங்கினால் அவரைத்தான் மேடைக்குத் தள்ளிவிடுவார்கள். அந்தச் சம்பளக் கணக்கு இன்றைக்கும் மாறியதாகத் தெரியவில்லை.

மாறாதது இன்னொன்றும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து படம் என்றால் அழவேண்டும். வேலிக் கதியாலுக்கு அடிபடுகிற இரண்டு வீட்டுக் கதையை எழுதிக்கொண்டு, படங்களுக்கு உதவி செய்கிற ஓர் இடத்துக்குப் போனேன். "இதில் போரின் வலி எங்கே?" என்று மிகுந்த அக்கறையோடு கேட்டார்கள். போரைப் பற்றிய படங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இன்னும் நிறைய வரவேண்டும். ஆனால் போரில் யாழ்ப்பாணத்துச் சனம் ஊரை விட்டு வெளியேறிய 1995 இடம்பெயர்வில் மழைக்குள் நாவற்குழிப் பக்கம் சனம் நெருக்குப்பட்டு நகர்ந்த இரவில் நானும் நின்றேன். அப்பப்பா அரிசி மூட்டையைக் கைவிட்டுவிட்டு அரிச்சந்திரனின் முடிப்பெட்டியைத் தலையில் சுமந்து வந்திருந்தார். அது தெரிந்ததும் நடு றோட்டில் அப்பாச்சி அவரை ஏசின ஏச்சு இருக்கிறதே! "ராசாவுக்குப் பசிக்காதோ?" என்று கேட்டாள். முன்பின் தெரியாத சனமெல்லாம் சிரித்தது. அந்தச் சிரிப்பை வெட்டிவிட்டு மழையை மட்டும் காட்டினால் அது நான் கண்ட இரவாக இருக்காது.

பகிடி என்ற பெயரில் வருகிற எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கமாட்டேன். இப்போது யூரியூப்பில் ஒரு ஆணுக்குச் சேலையைக் கட்டி, குரலை மெலிதாக்கி, இடுப்பை ஆட்டவிட்டால் அதற்குப் பெயர் கொமடி. எனக்கு அதில் சிரிப்பே வருவதில்லை. என் அப்பா சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றால் ஊர் அழுதது. சேலைக் கொசுவம் பிடிக்க அவர் எடுக்கும் நேரத்தில் அம்மா சமையலையே முடித்துவிடுவாள். திக்குவாய், கறுப்பு, குண்டு இவற்றை வைத்துச் சிரிக்க வைப்பவர்கள் மீதும் எனக்கு இதே எரிச்சல்தான். அது சோம்பல். இந்தியப் படத்துக் கொமடி வசனத்தை அப்படியே இறக்கி, நடுவில் நாலு "ஓம்" சேர்த்தால் யாழ்ப்பாணப் படம் ஆகிவிடும் என்று நினைப்பது அதைவிடப் பெரிய சோம்பல்.

குடும்பப் பெயர் எனக்கு உதவியதா? பின்னே? கோயில் மண்டபம் வாடகை இல்லாமல் கிடைத்தது, ஆர்மோனியக்காரர் காசு வாங்கவில்லை, கமரா இரவல் தந்தவரின் தகப்பன் அப்பப்பாவின் ரசிகர். என்னை விட நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த பெடியனும் பெட்டையும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதவு திறக்க ஓர் அரிச்சந்திரன் இல்லை. இதை இங்கே யாரும் பேசுவதில்லை, பரம்பரை பரம்பரை என்று மாலை போடுவதிலேயே பொழுது போய்விடுகிறது.

ஆகவே ஓர் அறிவித்தல். அந்த வேலிச் சண்டைப் படத்தைக் கைக்காசில் எடுக்கிறோம். அறுபது வயதுக்கு மேற்பட்ட, மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்து வீட்டாரை மூச்சு விடாமல் ஏசக்கூடிய அம்மா ஒருவர் தேவை. சம்பளம் உண்டு, ராசாவுக்கும் பபூனுக்கும் ஒரே அளவு. முன் அனுபவம் தேவையில்லை. நடிகர் குடும்பத்தில் பிறந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள், மற்றவர்களைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.