மீட்டர் இருக்கிறது, போடத்தான் மாட்டார்கள்

பாங்காக்கில் டாக்சிக்கு மீட்டர் உண்டு. மீட்டர் போட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்ற சட்டமும் உண்டு, மறுத்தால் அபராதம். முதல் கிலோமீட்டருக்கு 35 பாட் (தாய்லாந்து நாணயம்), அதன்பின் பத்தாவது கிலோமீட்டர் வரை ஒவ்வொன்றுக்கும் ஆறரை பாட், நெரிசலில் வண்டி நகராமல் கிடந்தால் நிமிடத்துக்கு 3 பாட். இவ்வளவு தெளிவாகக் கட்டணம் வகுத்து வைத்திருக்கும் ஊரில், கிராண்ட் பேலஸ் வாசலில் வண்டியை நிறுத்தியிருந்த ஓட்டுநர் ஒருவர் என் அம்மாவின் முழங்காலைப் பார்த்து விலை சொன்னார். இன்னும் என் ஆத்திரம் அடங்கவில்லை.

உச்சி வெயில். அரண்மனையைச் சுற்றிப் பார்த்து முடித்த அம்மா, ஒரு கையால் என் தோளையும் மறு கையால் மதில் சுவரையும் பிடித்தபடி நின்றிருந்தார். சிலோம் சாலையில், 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும், ஐந்தாறு கிலோமீட்டர்தான். கண்ணாடியில் காலி என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்த வண்டியின் அருகே சென்று இடத்தைச் சொன்னேன். ஓட்டுநர் என்னைப் பார்க்கவில்லை. சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல அம்மாவை மேலும் கீழும் பார்த்தார், முழங்காலில் கண்ணை நிறுத்தினார், "முந்நூறு" என்றார். மீட்டர் போடுங்கள் என்றேன். மீட்டர் கெட்டுவிட்டது என்றார். நன்றாகத்தானே இருக்கிறது என்று கைகாட்டியதும் காரணம் மாறியது: நெரிசலாம். நெரிசலுக்கும் மீட்டரே கணக்குப் போடுகிறதே என்றேன். திரும்பி வரும்போது சவாரி கிடைக்காது என்றார். சிலோமில் சவாரி கிடைக்காதாம்! பாங்காக்கின் நடுமையத்தில், அலுவலகங்களும் விடுதிகளும் நெருக்கியடித்து நிற்கும் சாலையில்!

அடுத்த வண்டிக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் முதல் ஓட்டுநர் தாய் மொழியில் ஏதோ குரல் கொடுக்க, இவரும் முந்நூறு என்றார். அதற்கடுத்தவர் நானூறு கேட்டார். ஏன் கூடியது என்று கேட்டதற்கு, விரலை உயர்த்தி வானத்தைக் காட்டினார். மழை வரப்போகிறதாம். ஒரு துளிகூட விழவில்லை. அதற்குள் நூறு பாட் ஏறிவிட்டது. மீட்டர் போட்டால் நெரிசலையும் சேர்த்து நூறு பாட்டை ஒட்டி வரக்கூடிய தூரத்துக்கு நானூறு, நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்!

இதற்கிடையில், பக்கத்தில் நின்றிருந்த நம்மூர்க்காரர் ஒருவர் எனக்குப் புத்தி சொல்ல வந்தார். "விடுங்க சார், டூர் வந்த இடத்துல அஞ்சு பத்துக்கு மல்லுக்கு நிக்கலாமா? அம்மா வேற கால் வலியோட நிக்கிறாங்க." அம்மா கால் வலியோடு நிற்பதால்தான் ஐயா இந்த விலையே சொல்லப்படுகிறது! ஓட்டுநர் மீது வந்த கோபத்தைவிட இந்தப் பெருந்தன்மை மீது எனக்கு வந்த கோபம் பெரிது. இன்றைக்கு நீங்கள் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போகும் நானூறுதான் நாளைக்கு அதே வாசலில் இன்னொரு முதியவரிடம் கேட்கப்படும் விலை. மீட்டர் கட்டணத்தைக் கேட்பது கஞ்சத்தனம் ஆகாது.

ஓட்டுநர்களின் பிழைப்பும் கடினம்தான் என்பது எனக்குத் தெரியும். 1992இல் மீட்டர் வந்தபோது 35 பாட்டாக இருந்த தொடக்கக் கட்டணம் சாதாரண டாக்சிக்கு இன்றும் அதேதான். பலர் வண்டியை நாள் வாடகைக்கு எடுத்து, எரிவாயுவும் தங்கள் காசில் நிரப்பி ஓட்டுகிறார்கள். கட்டணத்தை உயர்த்த வேண்டுமானால் அரசாங்கம் உயர்த்தட்டும். உயர்த்திய கட்டணத்தை முழு மனதோடு கொடுப்பேன். அரசு செய்யத் தவறியதை முழங்கால் வலிக்காரரிடம் வசூலிக்கும் உரிமையை இவர்களுக்கு யார் தந்தது?

அம்மாவை மெல்ல நடத்தி, வாசலைத் தாண்டிச் சாலை முனைக்கு அழைத்துப் போனேன். ஓடிவந்த ஒரு வண்டியைக் கை காட்டி நிறுத்தினேன். இடத்தைச் சொன்னதும் அந்த ஓட்டுநர் தலையசைத்து, நான் கேட்காமலேயே மீட்டரைத் தட்டிவிட்டார். கோயில் வாசலில் இறங்கியபோது மீட்டர் தொண்ணூறு பாட்டைக்கூட எட்டவில்லை. அதே ஊர், அதே நெரிசல், அதே 35 பாட்! இவரால் முடிவது அவர்களால் ஏன் முடியாது? சுற்றுலா இடங்களின் வாசலில் நிற்கும் வண்டி சவாரிக்காக நிற்பதில்லை, ஏமாறுபவருக்காக நிற்கிறது. அதனிடம் போய் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள், ஓடும் வண்டியை நிறுத்துங்கள். மீட்டர் போடவில்லை என்றால் ஏறவே ஏறாதீர்கள். ஏறிய பிறகு மறுத்தால் வண்டி எண்ணைப் படம் எடுத்து, தரைவழிப் போக்குவரத்துத் துறையின் 1584 எண்ணில் புகார் செய்யுங்கள். மிரட்டினால் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155. நடக்க முடிந்தவர்களுக்கு டாக்சியே தேவையில்லை: அரண்மனையை அடுத்த வாட் போ கோயிலின் பக்கத்திலேயே சனாம் சாய் மெட்ரோ நிலையம் இருக்கிறது, தா சாங் துறையில் படகு இருக்கிறது.

ஊர் திரும்பும் நாளிலும் விடவில்லை. விடுதி வாசலில் நின்றவர் விமான நிலையத்துக்கு அறுநூறு கேட்டார். அதில் 50 பாட் விமான நிலையக் கட்டணமாம். சுவர்ணபூமி விமான நிலையத்தில் வரிசைச் சீட்டு எடுத்து ஏறி ஊருக்குள் வருபவர்கள் மீட்டருக்கு மேல் கொடுப்பதுதான் அந்த 50 பாட். ஊரிலிருந்து அங்கே போகிறவரிடம் அதைக் கேட்கவே கூடாது. அதைச் சொன்னதும் அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நாங்கள் பயா தாய் நிலையத்துக்குப் போய் விமான நிலைய ரயிலில் ஏறினோம். ஆளுக்கு 45 பாட், அம்மாவுக்கு உட்கார இடமும் கிடைத்தது.